மதுவிலக்கு உறுதிமொழியும் மீட்பின் கூட்டுறவும்

நம் சபைகளில் இன்றும் வழங்கிவரும் பழக்கங்களுள் ஒன்று, குடிக்கு அடிமைப்பட்ட ஒருவரை ஆலயத்துக்கு அழைத்துவந்து, திருப்பீடத்தின் முன் நிறுத்தி, வேதப்புத்தகத்தின்மேல் கைவைத்து, இனிக் குடிப்பதில்லை என்று வாக்குக் கொடுக்கச் செய்வதாகும். மனைவியும் தாயும் கண்ணீரோடு அருகில் நிற்பர், போதகர் ஜெபிப்பார். சில வேளைகளில் அவ்வாக்கு நிலைநிற்கிறது. பல வேளைகளில் சில வாரங்களுக்குள் முறிந்துபோகிறது. முறிந்தபின் நிகழ்வதே நம் கவனத்துக்குரியது. அம்மனிதர் இப்பொழுது குடியர் மட்டுமல்லர். கடவுள் முன்னிலையில் பொய்யாணை இட்டவருமாகிறார். போதகரைத் தெருவில் கண்டால் வேறு வழியே செல்கிறார். திருவிருந்துக்கு வருவதை விட்டுவிடுகிறார். இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது, அது எதைச் சாதித்தது, எதைச் சாதிக்க இயலாமற்போயிற்று என்பதை வரலாற்று வழியில் நோக்க விரும்புகிறோம்.

பொருத்தனை திருமறைக்குப் புதியதன்று. எண்ணாகமம் 6-ஆம் அதிகாரத்தில் நசரேய விரதத்தின் ஒழுங்குகள் உள்ளன. எரேமியா 35-ஆம் அதிகாரத்தில், தம் தந்தை யோனதாபின் கட்டளைப்படி திராட்சரசத்தைத் தொட மறுத்த ரேகாபியரின் வரலாறு உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மதுவிலக்குப் போதகர்கள் இப்பகுதிகளை விரும்பி எடுத்தாண்டனர். 1835-இல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டு நகரில் தோன்றிய மதுவிலக்குச் சங்கம் ஒன்று ரேகாபியரின் பெயரையே சூட்டிக்கொண்டது. ஆயினும் ஒன்றை அவர்கள் எளிதாகக் கடந்து சென்றனர். நசரேயரும் ரேகாபியரும் குடியிலிருந்து மீண்டவர்கள் என்று திருமறை கூறவில்லை; குடியாதவர்கள் என்றே கூறுகிறது. அன்றியும் ரேகாபியர் தனித்தனியே உறுதிபூண்டவர்கள் அல்லர். ஒரு குலம் முழுவதும் கூடாரங்களில் ஒன்றாய் வாழ்ந்து, தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த வாழ்க்கைமுறை அது. ஒரு தனி மனிதர் ஒரு நாளில் இடும் கையொப்பத்துக்கு அவர்களைச் சான்றாகக் காட்டுதல் பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது.

கட்டுண்ட சித்தத்தின் இயல்பைத் திருச்சபை அறியாதிருக்கவில்லை. பரிசுத்த அகஸ்டின் தம் 'அறிக்கைகள்' என்னும் நூலின் எட்டாம் பகுதியில், கோணலான சித்தத்திலிருந்து இச்சை பிறப்பதையும், இச்சைக்குப் பணியாற்றுவதால் பழக்கம் உண்டாவதையும், எதிர்க்கப்படாத பழக்கம் தவிர்க்கவியலாத கட்டாயமாக மாறுவதையும் சங்கிலியின் வளையங்களைப்போல் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறார். அவர் அங்கே பேசியது தம் உடலிச்சையைப் பற்றியேயாம். அதே நூலின் ஒன்பதாம் பகுதியில் தம் தாயார் மோனிக்கா சிறுமியாக இருந்தபோது, வீட்டாருக்காகத் திராட்சரசம் எடுக்கச் சென்று, துளித்துளியாகச் சுவைத்து, கிண்ணம் கிண்ணமாகப் பருகும் நிலைக்கு வந்ததை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். மறைமாவட்ட ஆயர் ஒருவர் தம் தாயைக் குறித்து இவ்வாறு எழுதத் துணிந்தது நம் சபைகளுக்கு இன்றும் வியப்பாகவே இருக்கும்.

இச்சங்கிலியை மருத்துவ மொழியில் எடுத்துரைத்தவர் பிலடெல்பியா நகர மருத்துவர் பெஞ்சமின் ரஷ். அமெரிக்க விடுதலைச் சாசனத்தில் கையொப்பமிட்டவர்களுள் அவரும் ஒருவர். வடிசாராயத்தின் விளைவுகளைப் பற்றி அவர் 1784-இல் எழுதிய சிறு நூல் பல பதிப்புகள் கண்டது. மிகு குடி தொடக்கத்தில் ஒருவரின் விருப்பச் செயலாயிருந்து, பழக்கத்தால் கட்டாயமாக மாறிவிடுகிறது என்பதும், அது சித்தத்தைப் பற்றும் நோய் என்பதும் அவரது கருத்து. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1804-இல், பிரிட்டிஷ் கடற்படை மருத்துவராயிருந்த தாமஸ் டிராட்டர், குடிப்பழக்கத்தை மனத்தின் நோயென்றே எழுதினார். குருமாரும் ஒழுக்க ஆசிரியரும் இடிமுழக்கமாகக் கண்டித்தும் பயன் விளையவில்லை என்று அவர் குறைபட்டுக்கொண்டது நம்மைப்போன்றோர் மனத்திற் கொள்ளவேண்டிய செய்தியாகும்.

ஆனால் அக்காலத் திருச்சபைகள் இம்மருத்துவர் வழியைப் பின்பற்றாமல் சங்கங்கள் அமைக்கும் வழியில் சென்றன. 1826-இல் பாஸ்டன் நகரில் தொடங்கிய அமெரிக்க மதுவிலக்குச் சங்கம் முதலில் வடிசாராயத்தையே விலக்கிற்று. மிதமாயிருப்போரை மிதத்திலேயே காப்பது அதன் முதன்மையான நோக்கம். முற்றிலும் மூழ்கிப்போனவர்களோ விரைவில் மடிந்தொழிவர்; அவர்களோடு குடியும் ஒழியும் என்று அதன் தலைவர் சிலர் எண்ணினர். இரக்கமற்ற கணக்கு எனினும், கணக்கு என்ற அளவில் அது தெளிவானதே. உறுதிமொழி அட்டை பிறந்தது இந்தச் சூழலில்தான்: வீழாதவரை வீழாமற் காக்கும் வேலியாக, வீழ்ந்தவரை எண்ணாமலே.

அதை வீழ்ந்தவரிடம் கொண்டுசென்றவர்கள் தொழிலாளர். வட இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில், நெசவாளியாயிருந்து பாலாடைக்கட்டி வணிகராக உயர்ந்த ஜோசப் லிவ்சி என்பவரும் வேறு அறுவரும் 1832-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், பியர் உட்பட எவ்வகை மதுவையும் அருந்துவதில்லை என்று கையொப்பமிட்டனர். அவர்களது இயக்கத்தில் மீண்ட குடியர்களே மேடையேறிப் பேசினர். அயர்லாந்தில் கப்புச்சின் துறவி தியோபால்ட் மாத்யூ 1838 ஏப்ரலில் கார்க் நகரில் உறுதிமொழி ஏற்று, பின்பு ஊர் ஊராகச் சென்றார். மக்கள் ஆயிரக்கணக்கில் முழந்தாளிட்டு அவர் சொல்லச் சொல்லத் தாமும் சொன்னார்கள். இலட்சக்கணக்கானோர் அவ்வாறு வாக்களித்தனர். நாட்டில் வரி செலுத்தி விற்ற வடிசாராயத்தின் அளவு சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இதைச் சிறிய சாதனை என்று எவரும் கூறமுடியாது. எனினும் 1845-இல் தொடங்கிய பெரும்பஞ்சம் மக்களைச் சிதறடித்தது; 1856-இல் மாத்யூ மறைவதற்கு முன்னரே இயக்கம் தளர்ந்துவிட்டது. பஞ்சத்தின்மீது மட்டும் பழியைச் சுமத்துவதற்கில்லை. ஒரே நாளில் ஆயிரம் பேருக்கு வாக்குக் கொடுத்த ஒரு குருவானவர் அவர்களுள் ஒருவரையேனும் மறுவாரம் பெயர்சொல்லி விசாரிக்க இயலுமா?

இக்கேள்விக்கு விடை 1840-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஆலயத்திலன்று, ஒரு மதுக்கடையில் கிடைத்தது. தையற்காரர், தச்சர், கொல்லர் போன்ற கைத்தொழிலாளர் அறுவர் அங்கே கூடிக் குடித்துக்கொண்டிருந்தவர்கள், தமக்குள்ளே ஒரு சங்கம் அமைத்து, ஜார்ஜ் வாஷிங்டனின் பெயரை அதற்கு இட்டனர். அவர்களும் உறுதிமொழியில் கையொப்பமிட்டவர்களே. ஆயினும் அவர்களது கூட்டத்தில் சொற்பொழிவு இல்லை. ஒவ்வொருவரும் எழுந்து தாம் எவ்வாறு குடித்தோம், எவ்வாறு விட்டோம் என்று தம் வாழ்க்கையையே சொல்லினர். ஒவ்வொருவரும் மற்றொரு குடியரை அழைத்துவர முயன்றனர். வந்தவருக்கு உணவும் உடையும் வேலையும் தேடிக்கொடுத்தனர். விழுந்தவரை மறுபடியும் சென்று தேடினர். சில ஆண்டுகளில் நூறாயிரக்கணக்கானோர் சேர்ந்தனர். 1842 பிப்ரவரி 22-ஆம் நாள் ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் பிரஸ்பிட்டேரியன் ஆலயத்தில் இச்சங்கத்தார் முன் பேசிய இளம் வழக்கறிஞர் ஆபிரகாம் லிங்கன், பழைய மதுவிலக்குப் போதகர்கள் மேலிருந்து கண்டித்ததே அவர்கள் தோல்விக்குக் காரணம் என்றார். குடிக்கு இரையாகாதவர்கள் தப்பியது ஒழுக்க மேன்மையாலன்று, அந்த வேட்கை தமக்கு இல்லாமையால்தான் என்றும் அவர் கூறினார். கேட்டவருள் பலர் இதை விரும்பவில்லை.

இக்காலத்தவருள் ஜான் காஃப் என்பவர் வரலாறு நமக்குப் பாடமாகும். புத்தகம் கட்டும் தொழிலாளியான அவர் 1842-இல் உறுதிமொழி எழுதினார், சில மாதங்களில் விழுந்தார், மீண்டும் எழுதினார். நாடறிந்த சொற்பொழிவாளரானபின் 1845-இல் நியூயார்க் நகரில் சில நாட்கள் காணாமற்போய், குடித்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டார். பத்திரிகைகள் அவரைக் கிழித்தெறிந்தன. அவரது சபையோ விசாரித்து, கடிந்து, கைவிடாமல் வைத்துக்கொண்டது. அதன்பின் நாற்பது ஆண்டுகள் மதுவிலக்குப் பணியாற்றி 1886-இல் அவர் மறைந்தார். கையொப்பத்தை எண்ணிப் பார்த்தால் அவர் பொய்யர். ஆண்டுகளை எண்ணிப் பார்த்தாலோ வேறொரு முடிவுக்கு வரவேண்டியிருக்கிறது.

வாஷிங்டன் சங்கத்தார் பத்தாண்டுகூட நிலைக்கவில்லை. சட்டத்தால் மதுவை ஒழிக்கவேண்டுமா என்ற அரசியல் பிணக்கு அவர்களைப் பிளந்தது. கடவுள் பெயரின்றிக் கூடுகிறார்கள் என்று குருமாருள் பலர் ஐயுற்று விலகினர். குடியின் அனுபவம் இல்லாதவர்கள் திரளாகச் சேர்ந்து கூட்டத்தைப் பொதுமேடையாக்கினர். எஞ்சி நின்றது அட்டை ஒன்றே. அந்த அட்டையே ஞாயிறு பள்ளிகள் வழியாகவும் சிறுவர் சங்கங்கள் வழியாகவும் உலகெங்கும் பரவிற்று. நிலைத்திருக்கவேண்டிய கூட்டுறவு கரைந்து, துணையாக வந்த காகிதம் மட்டும் நிலைத்தது திருச்சபை வரலாற்றில் அரிதான நிகழ்ச்சியன்று.

உறுதிமொழியே பயனற்றது என்று நாம் கூறுவதாக எவரும் கருதலாகாது. 1888-இல் இங்கிலாந்துக்குப் புறப்படுமுன், தம் தாயார் புத்லிபாய் மனம் ஆறும்பொருட்டுச் சமணத் துறவி பேச்சார்ஜி சுவாமி முன்னிலையில், மதுவையும் புலாலையும் பெண்ணையும் தொடுவதில்லை என்று காந்தியடிகள் வாக்களித்தார், அதைக் காத்தார். ஆனால் அப்பொழுது அவர் குடிக்கு அடிமையல்லர். உறுதிமொழி சுதந்தரமுள்ள சித்தத்தின் செயல். சித்தமே கட்டுண்டிருக்கும்போது அந்தச் சித்தத்திடம் போய்க் கையொப்பம் கேட்பது, விலங்கிடப்பட்டவனைப் பார்த்து ஓடு என்பதை ஒக்கும். ரோமர் 7-ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும் நாமே இதை மறந்துவிடுகிறோம்.

இருபதாம் நூற்றாண்டில் இழந்த கூட்டுறவு மீண்டும் கண்டெடுக்கப்பட்ட வரலாறு நம் மாணவர் அறியத்தக்கது. ஏனெனில் அதன் வேர் திருச்சபையினுள்ளேயே இருக்கிறது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த லுத்தரன் குருவானவர் ஃபிராங்க் புக்மன் 1908-இல் இங்கிலாந்தின் கெசிக் நகரில் சிறு சிற்றாலயம் ஒன்றில் ஆழ்ந்த மனமாற்றம் அடைந்து, பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு குழு என வழங்கிய இயக்கத்தைத் தோற்றுவித்தார். பாவங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுதல், தீங்கிழைத்தவரிடம் சென்று ஈடுசெய்தல், அமைதியில் கடவுளின் வழிகாட்டலுக்குக் காத்திருத்தல் ஆகியவை அதன் பழக்கங்கள். நியூயார்க்கில் கால்வரி எபிஸ்கோப்பல் ஆலயத்தின் குரு சாமுவேல் ஷூமேக்கர் அதன் தூண்களுள் ஒருவர். குடியால் அழிவின் விளிம்புக்கு வந்திருந்த பங்குவணிகர் பில் வில்சனை 1934-இன் இறுதியில் இக்குழுவிடம் ஈர்த்தவர் அவருடைய பழைய குடித்தோழர் எபி தாச்சர். அவ்வாண்டு டிசம்பரில் டவுன்ஸ் மருத்துவமனையில் சேர்ந்த வில்சன் 1971-இல் இறக்கும்வரை மறுபடி குடிக்கவில்லை.

அடுத்த சில மாதங்கள் வில்சன் கால்வரி ஆலயத்தின் மிஷன் இல்லத்திலும் மருத்துவமனையிலும் குடியர் பலருக்குப் பிரசங்கித்தார். ஒருவரும் மீளவில்லை. பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, இது உடலையும் மனத்தையும் பற்றும் கொடிய நோய் என்பதை முதலில் சொல்லும்படி மருத்துவர் வில்லியம் சில்க்வர்த் அவருக்கு அறிவுரை கூறினார். குடியருக்கு நம்பிக்கையூட்டும்படி ஒரு மருத்துவர் சொன்ன இவ்வறிவுரை பிரசங்கக்கலை வகுப்பிலும் இடம்பெறத் தக்கது என்பது நம் எண்ணம்.

1935 மே மாதம் வணிக முயற்சி ஒன்றில் தோற்று, ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகர விடுதியில் வில்சன் தனித்து நின்றார். ஒரு புறம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி. மறுபுறம் நகர ஆலயங்களின் பெயர்ப்பட்டியலும் தொலைபேசியும். அவர் வால்டர் டங்ஸ் என்னும் எபிஸ்கோப்பல் குருவானவரை அழைத்து, தாம் ஒரு குடியர் என்றும், மற்றொரு குடியரிடம் பேசவேண்டும் என்றும் கூறினார். முன்பின் அறியாத ஒருவர் இவ்வாறு கேட்டால் நம்முள் எத்தனை பேர் வியப்படையாமல் விடைகூறுவோம்? டங்ஸ் சில பெயர்களைக் கொடுத்தார். அவற்றின் வழியே, மே 12-ஆம் நாள், அன்னையர் தினத்தன்று, அறுவை மருத்துவர் ராபர்ட் ஸ்மித்தை வில்சன் சந்தித்தார். பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்று வந்த ஸ்மித் ஆறு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

இந்த ஸ்மித்தின் நிலையை ஆழ்ந்து கவனிக்கவேண்டும். அவர் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளாக ஆக்ஸ்ஃபோர்டு குழுவில் இருந்தவர். திருமறையை ஊன்றிப் படித்தவர், ஜெபித்தவர், தம் குடியைக் குழுவினர் முன் அறிக்கையிட்டவர், அவருக்காக மற்றவர்களும் ஜெபித்தனர். அவ்வளவுக்கும் பின் இரவுதோறும் குடித்துக்கொண்டிருந்தார். வில்சன் புதிய உபதேசம் எதையும் கொண்டுவரவில்லை. தம் கதையைச் சொன்னார். மேலும், நான் உம்மை மீட்க வரவில்லை, நான் விழாதிருக்க நீர் எனக்குத் தேவை என்பதை உணரச்செய்தார். இது வரைக்கும் ஸ்மித்திடம் இவ்வாறு எவரும் வந்ததில்லை. ஆயினும் சில வாரங்களில், அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மருத்துவர் மாநாட்டுக்குச் சென்ற ஸ்மித் மறுபடி விழுந்தார். திரும்பிவந்தவரை வில்சனும் ஸ்மித்தின் மனைவியும் படுக்கையருகே இருந்து பேணினர். ஜூன் 10-ஆம் நாள் குடித்ததே அவரது இறுதிக் குடி என்று கூறுவர். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் கூட்டுறவு அந்நாளையே தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. அதாவது, ஒருவர் விழுந்து எழுந்த நாளை.

அம்மாதமே இருவரும் நகர மருத்துவமனையில் மூன்றாவது ஆளைத் தேடிச் சென்றனர். அவர் ஒரு வழக்கறிஞர். செவிலியரைத் தாக்கியதால் கட்டிப்போடப்பட்டிருந்தார். ஒரு காலத்தில் ஆலயத்தில் பற்றுள்ளவராயிருந்ததையும், குடித்த மறுநாட்காலையில் இனித் தொடேன் என்று கடவுளிடம் ஆணையிட்டதையும், ஒன்பது மணிக்குள் மீண்டும் வெறித்துக் கிடந்ததையும் அவர் அவர்களுக்குச் சொன்னார். அவ்விருவரும் அவரிடம் ஆணை கேட்கவில்லை. வாழ்நாள் முழுமைக்குமான வாக்குக்கு மாறாக இன்று ஒரு நாளைக்கு மட்டும் என்பதே அவர்கள் வழக்கம். அவர் 1954-இல் இறக்கும்வரை மறுபடி குடிக்கவில்லை. ஏக்ரன் நகரின் தொடக்கக்கால உறுப்பினர் மலைப்பிரசங்கத்தையும் 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரத்தையும் யாக்கோபின் நிருபத்தையும் அடிக்கடி வாசித்தனர். லுத்தர் வைக்கோல் என்று குறைத்துக் கூறிய நிருபத்துக்கு இப்படியொரு பேறு வாய்த்தது!

பின்னர் அவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு குழுவைவிட்டுப் பிரிந்தனர்: நியூயார்க்கில் 1937-இல், ஏக்ரனில் 1939-இல். 1939-இல் வெளிவந்த நூலில் பன்னிரண்டு படிகளை வகுத்து, தாம் அறிந்துகொண்டபடியான கடவுள் என்றே எழுதினர். இதனால் கிறிஸ்துவின் பெயர் மறைந்துபோயிற்று என்று வருந்துவோர் நம்முள் உண்டு. அவ்வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. எனினும் வாஷிங்டன் சங்கத்தாரின் வீழ்ச்சியைக் கற்றே அவர்கள் 1950-இல் ஏற்ற பன்னிரண்டு மரபுகளில் அரசியல், மதுவிலக்குச் சட்டம், சமயப்பூசல் எதிலும் கருத்துரைப்பதில்லை என உறுதிசெய்தனர் என்பதையும் எண்ணவேண்டும்.

குடி பாவமா, நோயா என்பது மாணவர் ஆண்டுதோறும் கேட்கும் வினா. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-இல் குடியரை மற்ற நோயாளரைப்போலப் பொது மருத்துவமனைகளில் சேர்க்கவேண்டும் என்றது. 1960-இல் ஜெல்லினெக் நோய்க்கருத்தைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். இன்று மரபுவழிக் கூறுகளும், மூளையின் இன்ப உணர்வுப் பாதைகளில் தொடர்குடியால் உண்டாகும் மாறுதல்களும் அறியப்பட்டுள்ளன. இவை அகஸ்டினுடைய சங்கிலியை அறுக்கவில்லை. அதன் வளையங்கள் எவற்றால் ஆனவை என்று காட்டுகின்றன. நோயென்று கூறுவது பொறுப்பை நீக்கிவிடும் என்று அஞ்சுவோர், பன்னிரண்டு படிகளில் ஈடுசெய்தலுக்கு எவ்வளவு இடம் உண்டு என்பதைப் பார்க்கட்டும்.

ஆலயத்தில் வாங்கும் ஆணையில் உடலுக்கும் ஓர் ஆபத்து உண்டு என்பதைப் போதகர்கள் அறிந்தே தீரவேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாள்களில், 1813-இல் தாமஸ் சட்டன் பெயரிட்டு விளக்கிய நடுக்கச் சன்னி தோன்றலாம். கை நடுங்கும், காய்ச்சலும் வியர்வையும் காணும், இல்லாத உருவங்கள் தெரியும், குரல்கள் கேட்கும். மருத்துவமின்றி விட்டால் உயிர் போவதும் உண்டு. இதைப் பிசாசின் செயலென்று எண்ணி அறையில் அடைப்பதும் உபவாசத்தில் வைப்பதும் கொடுமையாய் முடியும். ஏற்கெனவே உணவு குறைந்து தயமின் என்னும் உயிர்ச்சத்து வற்றிய உடல் அது. முதலில் மருத்துவமனை, பிறகு ஜெபக்குழு என்னும் வரிசை விசுவாசக்குறைவு ஆகாது. ஹெராயின் போன்ற அபினி வகைகளுக்கு அடிமையானவர்களுக்கு 1960-களிலிருந்து மெத்தடோனும் பின்னர் பூப்ரநார்ஃபினும் வழங்கப்படுகின்றன. இம்மருந்தையும் விட்டால்தான் மெய்யான விடுதலை என்று போதகர் வற்புறுத்துவது மரணத்தில் கொண்டுவிடக்கூடும்.

கூட்டுறவின் பயனை ஆய்வாளரும் அளந்திருக்கின்றனர். 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பீடு, இக்கூட்டங்களில் பங்குபெறுமாறு முறையாக நடத்தும் சிகிச்சை, தொடர்ந்து குடியாதிருத்தல் என்னும் அளவில் பிற முறைகளுக்கு ஈடாகவோ மேலாகவோ இருப்பதாகக் கண்டது. எல்லாருக்கும் இது ஒன்றே வழி என்று அது கூறவில்லை. டைசல்ஃபிராம், நால்ட்ரெக்சோன் முதலிய மருந்துகளுக்கும் உளநல ஆலோசனைக்கும் உரிய இடம் உண்டு.

இந்தியாவில் இக்கூட்டுறவு 1957-இல் பம்பாயில் தொடங்கிற்று. சென்னையில் கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் நிறுவிய டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம் சிகிச்சையையும் குடும்பத்தாருக்கான ஆலோசனையையும் இணைத்து நடத்துகிறது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் இன்று மாலைக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. அவற்றுள் சில ஆலய வளாகங்களிலேயே நடைபெறுகின்றன. ஓர் அறை வேண்டி அவர்கள் சபைக்குழுவை அணுகும்போது, வந்திருப்போர் பெயர்களைக் கேட்டு எழுதிவைக்கும் வழக்கத்தைக் குழுவின் செயலர் விட்டுவிடவேண்டும். அறைக்கு வாடகையையும் அவர்கள் தாமே தர முன்வருவர். வெளியாரிடம் பொருளுதவி பெறுவதில்லை என்பது அவர்கள் மரபுகளுள் ஏழாவது. தருமம் செய்கிறோம் என்று அதை மறுக்காமல், சிறுதொகையாயினும் பெற்றுக்கொண்டு பற்றுச்சீட்டுக் கொடுப்பதே முறை.